மூன்றாவது சிலிண்டரின் பசி

“‘எனக்கு மட்டும் பெட்ரோல் போதவில்லை, எனக்கு மட்டும் பெட்ரோல் போதவில்லை.’ காலையிலிருந்து உனக்கு இதே பாட்டுதானா?” என்று மூன்றாவது சிலிண்டரைக் கடிந்துகொண்டது புகைக்குழாயில் இருந்த சென்சார். “உனக்காகத்தான் நாலு பேருக்கும் கொஞ்சம் கூட்டி ஊற்றச் சொன்னேன். இப்போது முகர்ந்து பார்த்தால் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை சரியாக இருக்கிறது.”

“நாலு பேர் புகையும் ஒன்றாகக் கலந்த பிறகு முகர்ந்தால் சரியாகத்தான் இருக்கும். கூட்டி ஊற்றியதைக் குடித்து அவர்கள் மூவரும் கரி பிடித்துக் கிடக்கிறார்கள். நான் இன்னும் காய்கிறேன்.”

“உன் சுபாவமே சூடு,” என்று ஏப்பம் விட்டது பக்கத்திலிருந்த இரண்டாவது.

கார் மலையடிவாரத்தில் நின்றிருந்தது. மேடு ஏறும்போது டர்போ காற்றை அள்ளித் திணிக்கும். அதற்கேற்ற பெட்ரோல் வராவிட்டால் சூடேறித் தன் பிஸ்டன் உருகிவிடும் என்று மூன்றாவதற்குத் தெரியும். புலம்பியது போதும், நிரூபித்துவிட வேண்டியதுதான்.

“அக்கா, எனக்குப் பெட்ரோல் ஊற்றுகிற இன்ஜெக்டரை நீ வைத்துக்கொள். உன்னுடையதை எனக்குக் கொடு. என் பசி உன்னிடம் வந்துவிட்டால் இன்ஜெக்டரில்தான் அடைப்பு. வராவிட்டால் அப்புறம் நான் வாயே திறக்கமாட்டேன்.”

இரண்டாவதின் அடுத்த ஏப்பம் பாதியில் நின்றது.

“நியாயமான சோதனைதான்,” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, சென்சார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

டீ குடித்துவிட்டு டிரைவர் திரும்பி வரும் செருப்புச் சத்தம் கேட்டது.

“இந்த ஒரு மேடு ஏறுகிற வரைக்கும் கொடு, அக்கா.”