கோப்பை காய்வதற்குள்

பீங்கான் பட்டறையில் சுஹைனா கோப்பைகளைப் பளபளப்புப் பூச்சுக்கான கிளேஸ் கரைசலில் முக்கி எடுத்தபடி, குவைத்தில் இருக்கும் கணவன் சஹீரிடம் ஸ்பீக்கர் போனில் வம்பளந்துகொண்டிருந்தாள்.

"வெளிச்சம் ஓடுற வேகத்துல ஓடியாந்தா, விருத்தாசலம் வர எவ்ளோ நேரமாவும் மச்சான்?"

"உன் கையில இருக்கிற கோப்பை காயறதுக்குள்ள வந்துருவேன்!"

சுட்ட மண் ஈரத்தைச் சட்டென்று குடித்துவிடும். அவள் சிரித்துக்கொண்டே கோப்பையைப் பலகையில் வைக்கத் திரும்பினாள். வாசலில் பெட்டியோடு சஹீர் நின்றிருந்தான். மூன்று வருட ஏக்கம் ஒரே சிரிப்பாய்ப் பொங்கிவர, ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அவள் கையில் இன்னும் காயாமலிருந்த கோப்பையில் அவன் கட்டைவிரல் பதிந்தது.

போனில் அவன் குரல் இன்னும் பேசிக்கொண்டிருந்தது: "நெசமாத்தான் கேக்கறேன், கெளம்பி வரட்டுமா?"

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். சஹீர் அவசரமாக அவள் காதில் கிசுகிசுத்தான்.

"வந்துட்டேன்னு சொல்லிடாத. அங்க நான் இன்னும் கெளம்பல; சொன்னா அப்புறம் கெளம்பவே மாட்டேன்."

சுஹைனா அவன் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு போனைப் பார்த்துச் சொன்னாள்:

"சீக்கிரம் கெளம்புங்க மச்சான்."