முகூர்த்த நாள்

"பர்மிஷன் குடுத்த கையாலயே அரெஸ்ட்டும் பண்ணுவீங்களா சார்? இன்னா நியாயம் இது?"

போலீஸ் வேனில் ஏற மறுத்து, நஜ்மா அந்த அனுமதிக் கடிதத்தை இன்ஸ்பெக்டர் ராஜசேகரனின் முகத்துக்கு நேரே நீட்டினாள். கீழே இருந்தது அவருடைய கையெழுத்துதான்.

"நாங்க கேட்டது திங்கக்கெழம. அன்னிக்கு வேணாம், வியாழக்கெழம வெச்சிக்கோங்கன்னு சொன்னதே நீங்கதான். ஒரு கோஷம் போட்டோமா? ஓரமாத்தானே குந்திகினு இருந்தோம்?"

"டிராபிக் ஜாம் ஆவுதும்மா. மேலேருந்து போன் மேல போன்."

"போன வாரம் கட்சிக்காரங்க பர்மிஷனே இல்லாம இதே ரோட்ட நடுவுல மறிச்சாங்களே! நீங்கதானே நின்னு பஸ்ஸெல்லாம் திருப்பி வுட்டீங்க? அவங்களுக்கு மோர் பாக்கெட்டு, எங்களுக்கு வேனா?"

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா. ஏறுங்க."

இதைச் சிரிக்காமல் சொன்னார் மனிதர். அதற்கே தனியாகப் பயிற்சி கொடுப்பார்கள் போலிருக்கிறது.

நாற்பத்திரண்டு பெண்கள். எல்லாரும் கள்ளிக்குப்பத்தில் ஒரே தெருக்காரர்கள். அவர்கள் தெருவின் மழைத்தண்ணீரைக் கொண்டுபோகிற கால்வாயின் மேல், நாலு கிலோமீட்டர் தள்ளி, ஒரு பெரிய மனிதர் கட்டடம் எழுப்பிவிட்டார். போன தண்ணீர் போக வழியில்லாமல் இவர்கள் வீட்டுக்கே திரும்பி வந்தது. போன மழையில், பக்கவாதத்தில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் நஜ்மாவின் கணவன் மஸ்தானைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இன்னும் பத்து நிமிஷம் தாமதித்திருந்தால் மஸ்தான் இல்லை.

இரண்டு வருஷம் மனு மேல் மனு. செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம் என்று இருந்தபோது, மூன்று மாதத்துக்கு முன்னால் அதிகாரிகள் அந்தக் கட்டடத்தைப் பூட்டி சீல் வைத்தார்கள். அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாலே அடியாட்கள் விரட்டுவார்கள் என்பதால், சீலை எல்லாரும் செல்போன் படத்தில்தான் பார்த்தார்கள். பார்த்த அன்றைக்குத் தெருவே பாயசம் வைத்துக் கொண்டாடியது. ஆனால் சீல் வைத்தால் தண்ணீர் ஓடிவிடுமா? ஐப்பசி மழைக்கு இன்னும் ரெண்டே மாசம். அதற்குள் இடிக்க வேண்டும் என்றுதான் இன்றைக்கு ரோட்டோரம் உட்கார்ந்தார்கள்.

வேனில் ஏறியதும் ஜன்னல் பலகைகளை இறக்கிவிட்டார்கள்.

"எவனாச்சும் கல்லு வுட்டுடப் போறான். உங்க பாதுகாப்புக்குத்தான்," என்றாள் பெண் போலீஸ் யுவராணி. வெந்து வியர்த்து, எங்கெங்கோ சுற்றி, கடைசியில் ஒரு மண்டபத்தின் பின்பக்கம், சமையற்கட்டு வழியாக உள்ளே போனார்கள்.

"இது எந்த மண்டபம்மா?" என்று நஜ்மா கேட்டாள்.

"யாருக்குத் தெரியும்க்கா? இன்னிக்குப் பெரிய முகூர்த்தம். ஆவடியிலேருந்து பூந்தமல்லி வரைக்கும் ஒண்ணும் காலியில்ல. இது கெடச்சதே பெருசு."

போலீஸ் ஸ்டேஷன் வாசற்படியை மிதித்த பரம்பரையே இல்லை நஜ்மாவுடையது. பக்கத்து வீட்டு வரலட்சுமிதான் தட்டிக்கொடுத்தாள்.

"பயப்படாத நஜ்மா. காலையில புடிப்பாங்க, மண்டபத்துல வெப்பாங்க, சோத்தப் போட்டு ஆறு மணிக்கு வுட்டுடுவாங்க. எப்பவும் இதான்."

"அவருக்கு மத்தியானம் மாத்திர குடுக்கணுமே அக்கா..."

அது ராஜசேகரன் காதில் விழுந்தது. உடனே யுவராணியை ஸ்கூட்டியில் கள்ளிக்குப்பத்துக்கு அனுப்பினார். அவள் மஸ்தானுக்கு மாத்திரை கொடுத்து, தண்ணீர் குடிக்க வைத்து, அதைப் போட்டோவும் எடுத்து வந்து காட்டினாள். அடேயப்பா, அத்தோடு விட்டாரா? எல்லா ஃபேனும் சுற்றியது. சுடச்சுட சாம்பார் சாதம், அப்பளம். கேஸ் கிடையாது, பேர் மட்டும் எழுதிக்கொள்கிறோம் என்று வாக்குக் கொடுத்தார்.

நஜ்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நல்ல மனுஷன்தான் அக்கா. காலையில வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்."

"வேன்ல ஏத்துனதும் இதே மனுஷன்தாண்டி."

"அவரு இன்னா பண்ணுவாரு? மேலேருந்து சொல்றாங்க. அல்லா அவரு புள்ளைங்கள நல்லா வெக்கட்டும்."

ஆறு மணி ஆனது. "எல்லாரும் கெளம்பலாம்மா. முன்வாசல் வழியாவே போங்க," என்றார் ராஜசேகரன்.

படியிறங்கித் திரும்பிப் பார்த்த நஜ்மா அப்படியே நின்றுவிட்டாள். கதவில் அறுத்த பூட்டு தொங்கியது. அதில் வெள்ளைத் துணியும் சிவப்பு அரக்கும் ஒட்டிக்கொண்டிருந்தன. பக்கத்துச் சுவரில் பாதி கிழிந்த நோட்டீஸ். செல்போனில் பார்த்துப் பார்த்து அவளுக்கு மனப்பாடமான நோட்டீஸ்.

"அக்கா... இது நம்ம சீலு."

"அடப் பாவிங்களா!" என்று வரலட்சுமி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

சீரியல் லைட் கட்டுகிறவர்களை அதட்டிக்கொண்டிருந்த வெள்ளைச்சட்டைக்காரர் கும்பிட்டபடியே ஓடிவந்தார்.

"ரொம்ப நன்றிம்மா! நானும் கோர்ட்டு, ஆபீசுன்னு மூணு மாசமா அலையறேன், இந்தக் கதவத் தொறக்க ஒருத்தனும் வழி சொல்லல. உங்கள வெக்க வேற எடமே இல்லன்னு போலீஸே எழுதிக் குடுத்துத் தொறந்துட்டாங்க. ஞாயித்துக்கெழம மொத கல்யாணம். குடும்பத்தோட வந்துடுங்க!"

பிறகு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தியும் நஜ்மாவுக்குக் கேட்டது.

"திங்கக்கெழம கேட்டவங்களுக்கு, ஊர்ல ஒரு மண்டபமும் காலியில்லாத நாளாப் பாத்துத் தேதி குடுத்தீங்க பாருங்க, அங்க நிக்கிறீங்க சார்!"