பதினேழாம் எண் கருப்பணன்

“நாளைக்குக் காலையில பத்து மணிக்குள்ள கருப்பணன் எனக்கு வேணும்ணே. அவரால என் வாழ்க்கையே போகப்போகுது” என்றாள் ஃபாயிஸா.

நெய்க்காரப்பட்டி டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தார். “ஏமாத்திப் போட்டானுங்களா அம்மணி?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“ஐயய்யோ, அதெல்லாம் இல்லண்ணே. அவரு ஒரு புத்தகம் எழுதியிருக்காரு. அதை நான் பாக்கணும்.”

கடைக்காரர் சற்று யோசித்தார். “மனுசங்கள்ல அந்தப் பேர்ல இந்த ஊர்ல யாரும் இல்லீங்களே” என்று கையை விரித்துவிட்டு மறுபடி டீ ஆற்றப் போய்விட்டார்.

திண்டுக்கல் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் ஃபாயிஸாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நாளைக்கு எம்.ஏ. வரலாறு ப்ராஜெக்டுக்கு வைவா. தேறினால் பி.எட். சீட்டு நிச்சயம். தேறாவிட்டால் ஆறு மாதம் வீட்டில் இருக்க வேண்டும், அதற்குள் தோல் வியாபாரம் பார்க்கும் அத்தா ஒரு தோல் வியாபாரி மாப்பிள்ளையைப் பார்த்து முடித்துவிடுவார்.

வினை துணைநூற்பட்டியலில் இருந்தது. அவள் துறையில் அதை யாரும் புதிதாக எழுதுவதில்லை. சீனியருடைய ப்ராஜெக்டை வாங்கி, கடைசி நாலு பக்கத்தை அப்படியே டைப் அடிக்கக் கொடுத்துவிடுவார்கள். அதில் பதினேழாவதாக, ‘இரா. கருப்பணன், திண்டுக்கல் சமவெளியும் பூ வணிகமும், நெய்க்காரப்பட்டி, 1994’ என்று வருடா வருடம் தவறாமல் வந்து உட்கார்ந்துவிடும்.

ஃபாயிஸாவுக்கு மட்டும் ஒரு பிடிவாதம். கண்ணால் பார்க்காத புத்தகத்தைப் பட்டியலில் சேர்க்க மாட்டாள். இத்தனைக்கும் அந்த விதியை முதல் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்தவர் அவளுடைய கைடு அருள்நாதன் சார்தான்.

கல்லூரி நூலகத்தில் தேடினாள், மதுரைப் பழைய புத்தகக் கடைகளில் தேடினாள், கிடைக்கவில்லை. பழைய ப்ராஜெக்டுகளைப் பின்னோக்கிப் புரட்டியதில், 1995-ஆம் வருடத்து ஒன்றில்தான் அந்தப் பெயர் முதன்முதலாக வந்திருந்தது. முதல் பக்கத்தைச் செல் அரித்திருந்ததால் எழுதிய மாணவர் யாரென்று தெரியவில்லை.

வத்தலக்குண்டில் ஒரு கருப்பணன் அகப்பட்டார், வேன் டிரைவர். கீரனூரில் இன்னொருவர், “நான் கையெழுத்தே இப்பத்தான் பழகுறேனுங்க” என்று வெட்கப்பட்டார். வேறு வழியில்லாமல் பதினேழை எடுத்துவிட்டு ப்ராஜெக்டை பைண்டிங் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

நேற்றுத்தான் அதை அருள்நாதன் சார் கவனித்துக் குதித்தார். “கருப்பணன் இல்லாம பூச்சந்தையைப் பத்தி எழுதுவியா? எக்ஸ்டர்னல் கேட்டா நீயே பதில் சொல்லிக்க!” அதனால்தான் இன்றைக்குக் கடைசி முயற்சியாக நெய்க்காரப்பட்டிக்கே ஓடி வந்திருந்தாள்.

மறுநாள் வைவாவுக்கு எக்ஸ்டர்னலாக, வெளித் தேர்வாளராக, வந்திருந்தவர் பேராசிரியர் சிவபிரகாஷ். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். “இதே ரூம்லதானுங்க நானும் படிச்சேன்” என்று ஜன்னல் கம்பியைத் தட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தவர், ஃபாயிஸாவின் ப்ராஜெக்டில் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திருப்பினார்.

“காலையில இருந்து ஒம்போது பேரைப் பார்த்தாச்சு. ஒம்போது பேரும் கருப்பணனைப் படிச்சிருக்காங்க. உங்களுதுல அவரைக் காணோமேங்க?”

“நான் படிக்கல சார். மூணு மாசமாத் தேடுனேன், கெடைக்கல. பாக்காத புத்தகத்தைப் பாத்ததா எப்படிப் போடுறதுன்னு விட்டுட்டேன்.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அருள்நாதன் சாருக்குப் பொறுக்கவில்லை. “மன்னிக்கணும் சார், எம்புட்டோ சொன்னேன், கேக்கல. எப்பேர்ப்பட்ட புத்தகம் அது! மூணாவது அத்தியாயத்தை மட்டும் நானே ரெண்டு தடவை படிச்சிருக்கேன்.”

“அப்படீங்களா? ஆளையும் பார்த்திருக்கீங்களா?”

“நல்ல பழக்கம் சார். தங்கமான மனுஷன்.”

“தாடி வச்சிருப்பாருங்களா?”

“ஆமா சார், நல்ல தாடி!”

“சைவமுங்களா?”

“சுத்த சைவம் சார்! கீரைன்னா உசுரு.”

சிவபிரகாஷ் கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. தும்முகிறார் என்று நினைத்த அருள்நாதன் சார் மின்விசிறியைக் குறைத்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சிவபிரகாஷ் மதிப்பெண் தாளை இழுத்தார். ஃபாயிஸா எட்டிப் பார்த்தாள். தொண்ணூற்றாறு. அவளால் நம்பவே முடியவில்லை, மகிழ்ச்சியில் நாற்காலியை இடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

“சார், முக்கியமான புத்தகத்தையே விட்ட பொண்ணுக்கா?” அருள்நாதன் சார் பதறினார்.

சிவபிரகாஷ் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

“தொண்ணூத்தஞ்சுல அந்தப் புத்தகத்தை மொதல்ல பட்டியல்ல சேர்த்தது நான்தானுங்க, என் ப்ராஜெக்டுல. டைப் அடிக்கக் கொடுக்கறதுக்கு முந்தின நாள், புத்தகப் பேரெல்லாம் குறிச்சு வச்ச என் நோட்டைப் பூராவும் தின்னு தீர்த்துட்டான். ஞாபகத்துல இருந்ததையெல்லாம் எழுதியும் பட்டியல்ல ஒண்ணு குறையுதேங்கற கடுப்புல, அவன் பேரையே போட்டு விட்டுட்டேன்.”

“தின்னு தீர்த்துட்டானா? யாரு சார்?”

“கருப்பணன் எங்க வீட்டு வெள்ளாட்டுக் கெடாய்ங்க.”