மேடையில் சொன்னது

படார் என்று கதவைச் சாத்தித் தாழ்ப்பாளையும் போட்டுவிட்டுத்தான் மைக்செட்காரன் திரும்பினான். கையில் இரும்பு மைக் ஸ்டாண்டு. கிழிந்த உதட்டிலிருந்து ரத்தம் சட்டைக்கு இறங்கியிருந்தது.

பிரசங்கத்தை முடித்துவிட்டுப் போதகர் அறைக்கு வந்திருந்த பிரசங்கியார், கோட்டில் குத்தியிருந்த சின்ன மைக்கைக் கழற்றக் கையைத் தூக்கினார். ஸ்டாண்டு அந்தக் கையில் இறங்கியது. விரல் எலும்பு முறிந்த சத்தம் இருவருக்கும் கேட்டது.

"பைத்தியமாடா உனக்கு?" என்று அலறியபடி சுவரோரம் சரிந்தார்.

ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. கதவுக்கு வெளியே சபையார் இடித்துக்கொண்டிருந்தார்கள். சாத்தானை அடித்துக் கொல்லுங்கள் என்று ஒருவர் கத்தினார். செய்யக்கூடியவர்கள்தான், ஆராதனை நடுவில் அவன் உதட்டைக் கிழித்ததே அவர்கள்தான்.

அவன் செய்த குற்றம், மனைவியின் மடியில் கிடந்த மகளைத் தூக்கப் போனது. பிள்ளைக்கு வயிறு கல்லாகிவிட்டது, உடம்பு அனலாய்க் கொதித்தது. இன்றே ஆபரேஷன் செய்யாவிட்டால் பிழைக்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மருந்தைத் தொட்டவன் தேவனைக் கைவிட்டவன் என்று பிரசங்கியார் சொல்லியிருந்தார்.

மனைவி பிரசங்கியாரைத்தான் நம்பினாள். பிள்ளையை இறுக்கிக்கொண்டு விட மறுத்தாள். சுவிசேஷம் எழுதின லூக்காவே வைத்தியர்தானே என்று இவன் சபையைப் பார்த்துக் கேட்டான். பதிலுக்கு வசனம் வரவில்லை, குத்துதான் வந்தது.

ஸ்டாண்டு மறுபடி உயர்ந்தது. இந்த அடி நெற்றியில். ரத்தம் வழிந்து பிரசங்கியாரின் கண்ணை மறைத்தது.

"கொன்னுடாதடா... என்ன வேணும் உனக்கு?"

"சுகம் வேணும் ஐயா. என் பொண்ணு மேல கை வச்சு ஜெபிச்சீங்களே, அதே மாதிரி உங்க மண்டை மேல வச்சுக்குங்க."

"விளையாடாதடா. ரத்தம் உறையாம இருக்க நான் மாத்திரை சாப்பிடுறேன். இது தானா நிக்காது. ஆம்புலன்ஸைக் கூப்பிடு."

"மாத்திரையா? நீங்களா?"

"நெஞ்சுல ஆபரேஷன் ஆனதுலேருந்து. இன்னிக்குக் காலையிலகூடப் போட்டேன்டா."

"அப்ப விசுவாசம்?"

"அதெல்லாம் மேடையில சொல்றதுடா. அதைக் கேட்டு எவனாவது உயிரை விடுவானா? டாக்டர்கிட்ட கொண்டுபோடா என்னை."

மைக்செட்காரன் ஸ்டாண்டைக் கீழே போட்டான். மேஜைத் துணியை உருவி அவர் நெற்றியில் வைத்து அழுத்தினான்.

அப்போதுதான் கவனித்தான். கதவை இடிக்கும் சத்தம் நின்றிருந்தது.

இனி ஒன்றாய்ப் பாய்வார்கள் என்று நினைத்தான். உதை வாங்கத் தயாராகிப் போய்த் தாழ்ப்பாளை நீக்கினான்.

ஒருவரும் பாயவில்லை. சபையார் இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றார்கள். நடுவில், மகளைத் தோளில் சுமந்தபடி அவன் மனைவி.

"அவர் கோட்டுல இருக்கிற மைக்கை அணைச்சுட்டு வாங்க... புள்ளைய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவோம்."