ஒரு சாண் குறைந்த திரை

திரை தரையைத் தொடவில்லை.

ஒரு சாண் குறைவு. துணி வாங்கியவர் எங்கே மிச்சம் பிடித்தாரோ, சாட்சியின் முகம், தோள், கை எல்லாம் மறைந்து, பாதம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

குழுவில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. கீழே பார்த்துப் பழக்கப்பட்டவர்கள் இல்லை அவர்கள்.

சுருக்கெழுத்து அம்மாள் மட்டும் கவனித்தாள். நான்கு மாதமாக அவள் பார்ப்பது பாதங்களைத்தான்.

குழுவின் பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடியாது. போதைப்பொருள் பயன்படுத்துவது குற்றமா, நோயா, குற்றப் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிடலாமா என்று ஆராய்வதற்கான உயர்மட்ட ஆலோசனைக் குழு. தலைவர் முன்னாள் நீதிபதி. பதவியிலிருந்துதான் ஓய்வு பெற்றிருந்தார், தீர்ப்புச் சொல்வதிலிருந்து இல்லை. உறுப்பினர்களில் ஒருவர் சாராய ஆலை முதலாளி. போதை நம் பிள்ளைகளை அரித்துவிடும் என்று அமர்வு தவறாமல் கண் கலங்குவார்.

சட்டம் மாறும்வரை குற்றம் குற்றம்தான். அதனால் சாட்சிக்குப் பெயர் கிடையாது, எண் உண்டு. குரலும் ஒரு கருவி வழியாகத்தான் வரும். யார் பேசினாலும் கிணற்றில் விழுந்த எருமை பேசுவது போலிருக்கும். ஒரு சாட்சியை யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டால் போதும், வாசலில் கொட்டாவி விடும் போலீஸ்காரருக்கு வேலை வந்துவிடும்.

இந்தக் குழுவுக்குப் போக அலுவலகத்தில் ஒருத்தரும் முன்வரவில்லை. அவள் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள்.

"ரிட்டயராகுற நேரத்துல உங்களுக்கு ஏங்க்கா இந்தக் கஞ்சாப் பஞ்சாயத்து?" என்று பக்கத்து மேசைக்காரி சிரித்தாள். அவளும் சிரித்து வைத்தாள்.

மகன் சிறையிலிருந்து வந்து இரண்டு வருஷம். வீட்டுக்கு மட்டும் வரவில்லை.

அவன் பையில் இருந்த கஞ்சாப் பொட்டலம் கட்டைவிரல் அளவு. அதற்குப் பதினெட்டு மாதம். விடுதலையன்று அவள் சிறை வாசலில் பொழுது சாயும்வரை நின்றாள். காலையிலேயே போய்விட்டானாம்.

இப்படி ஒரு குழு சாட்சிகளைத் தேடுகிறது என்று கேள்விப்பட்டபோது, ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் அவனும் பேச வரமாட்டானா என்று தோன்றியது. அந்த ஒரு நப்பாசையில்தான் வந்தாள். பத்துச் சாட்சிகள் போனார்கள். வெடித்த குதிகால் ஒன்று. சாயம் உரிந்த நகங்கள். கண்ணாடி போல மின்னிய கறுப்பு ஷூ ஒரு ஜோடி, அது ஏதோ வங்கி மேலாளராம். எதுவும் அவனுடையது இல்லை.

இன்று பதினோராவது சாட்சி.

ரப்பர் செருப்பு. இடது பாதம் வலது பாதத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. கணுக்காலில் சைக்கிள் சங்கிலி கிழித்த தழும்பு, ஏழு தையல். தைக்கும்போது அந்தக் காலை மடியில் வைத்து அமுக்கிப் பிடித்திருந்தவள் அவள்தான்.

பென்சில் ஓடிக்கொண்டே இருந்தது. இருபத்தாறு வருஷப் பழக்கம். நெஞ்சு நின்றாலும் கை நிற்காது.

சாப்பிட்டாயாடா என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. ஆனால் அந்த அறையில் சுருக்கெழுத்தருக்குக் காது உண்டு, கை உண்டு, வாய் கிடையாது.

ஆலை முதலாளி கேட்டார்: "ஏன் தம்பி, வெளிய வந்ததும் ஒழுங்கா வீட்டுக்குப் போயிருக்கலாமே?"

எருமை கொஞ்ச நேரம் செருமியது.

"போலாம்னுதான் சார் தெரு முனை வரைக்கும் போவேன். எதிர் வீட்டுக்காரர்தான் என்னைப் போலீஸ்ல போட்டுக் கொடுத்திருக்கணும். அந்தாளு வேடிக்கை பார்க்க, எங்கம்மா தலை குனிஞ்சு கதவைத் திறக்கணுமா? அப்படியே திரும்பிருவேன்."

தெரு முனை வரைக்கும். அதையும் எழுதினாள்.

தலைவர் திடுக்கிட்டு விழித்தார். தூங்கியது தெரிந்துவிடக் கூடாதே என்று நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு விரலை உயர்த்தினார். "ரொம்ப முக்கியமான பதில். அம்மா, எழுதினதை ஒரு தடவை வாசிங்க. சாட்சி சரிபார்க்கட்டும்."

அவள் எழுந்தாள். அவள் குரலை மாற்ற யாரும் எந்தக் கருவியும் வைத்திருக்கவில்லை.

"போகலாம் என்றுதான் தெரு முனை வரைக்கும் போவேன்..."

திரைக்குக் கீழே இடது பாதம் மெல்ல இறங்கித் தரையில் ஊன்றியது.

அவள் குறிப்பேட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் மேலே வாசித்தாள்.

"போலீஸிடம் சொன்னது எதிர் வீட்டுக்காரர் இல்லை. அம்மா."

குறிப்பேட்டில் அப்படி ஒரு வரி இல்லை. இருபத்தாறு வருஷத்தில் அடுத்தவர் பேச்சில் ஒரு சொல்லை அவள் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை.

மகனின் பையில் அந்தப் பொட்டலத்தைப் பார்த்த அன்று, பேருந்து நிறுத்தத்துச் சுவரொட்டியில் ஒரு தொலைபேசி எண் இருந்தது. 'தகவல் தாருங்கள், திருத்தித் தருகிறோம்' என்று தையல் கடை போலப் போட்டிருந்தார்கள். நம்பிக் கூப்பிட்டாள். நன்றி அம்மா என்றுகூடச் சொன்னார்கள்.

ஆலை முதலாளி கைப்பேசியில் மூழ்கியிருந்தார். தலைவர் எல்லாம் தெரிந்தவர் போலத் தலையாட்டினார்.

"என்ன சாட்சி, சரியாப் பதிவாகியிருக்கா?"



திரைக்குப் பின்னாலேயே வெளியே போகும் கதவு. எழுந்தால் நான்கு எட்டு. செருப்புக்குள் விரல்கள் மடங்கி விரிந்தன. நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டது.

பிறகு கருவி கரகரத்தது. எருமை பேசியது, ரொம்ப மெதுவாக.

"காதுல சரியா விழல சார். அவங்களை இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லுங்க."