வியாழக்கிழமைச் சட்டை

சட்டையைக் கழற்றுவதற்குள் காவலருக்கு வேர்த்துவிட்டது. தோளில் அவ்வளவு பிடிப்பு.

பண்டக அறையின் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு கையை உருவி, மறு கையை உருவி, அந்தக் கட்டம்போட்ட சட்டையை மேசைமேல் விரித்தார். கழுத்துப் பட்டியில் அழுக்கு நன்றாக ஏறியிருந்தது. அக்குளில் உப்புப் பூத்திருந்தது. போதும்.

வயிற்றுப் பக்கம் ஓரிடத்தில் மட்டும் புதிதாக இரட்டைத் தையல் ஓடியிருந்தது. பழைய தையல் எப்போது விட்டதோ, அவருக்குத் தெரியாது.

பணி ஓய்வுக்கு இன்னும் பதினான்கு மாதங்கள் இருந்தன. இருபது வயதுப் பிள்ளையின் சட்டையைச் சீருடைக்கு உள்ளே அணிந்துகொண்டு அவர் வேலைக்கு வருவது இது ஆறாவது வாரம்.

"கல்யாண மாப்பிள்ளைக்குச் சட்டை பத்தலையாக்கும்?" என்று முதல் வாரம் மனைவி கேலி செய்தாள். மறுவாரம், யாருடையது என்று கேட்டாள். சொன்னார். அதன்பின் அவள் கேலி செய்யவில்லை.

விசாரணைக் கட்டடத்தின் பின்பக்கச் சன்னல்தான் காவலரின் பணியிடம். வியாழன்தோறும் பத்து மணிக்கு, பிடித்துவரப்பட்ட மாணவர்களின் வீட்டார் அங்கே வரிசையில் நிற்பார்கள். பிள்ளை உள்ளே இருக்கிறானா என்று அவர்கள் கேட்கக் கூடாது. கேட்டாலும் அவர் சொல்லக் கூடாது. ஆனால் துவைத்த துணியை நீட்டலாம்.

அவர் பதிவேட்டைப் பார்த்துத் துணியை வாங்கிக்கொண்டால் பிள்ளை இருக்கிறான். சென்ற வாரத்து அழுக்குத் துணி கைக்கு வரும். வாங்க மறுத்தால், இல்லை.

எங்கும் எழுதிவைக்கப்படாத அந்த விதி, வரிசையில் நின்ற அனைவருக்கும் மனப்பாடம். தாய்மார்கள் வாரத்துக்கு வாரம் இடுப்பைப் பிடித்துத் தைத்துக் கொண்டுவந்தார்கள். உள்ளே இருந்த பிள்ளைகள் இளைத்துக்கொண்டே போனார்கள்.

வரிசையில் நிற்கும் தையற்காரர் ஒருவரின் மகன் சுவரொட்டி ஒட்டியவன்கூட அல்லன். ஒட்டியவர்களுக்குப் பசை வாளியைப் பிடித்துக்கொண்டு கல்லூரி வாசலில் நின்றவன். பதினொரு பேரோடு அவனையும் வண்டியில் ஏற்றினார்கள்.

முதல் வாரம் திரும்பிய சட்டையின் முதுகில் இரத்தம் கோடு கோடாகக் காய்ந்திருந்தது. இரண்டாம் வாரம் வலக் கைப்பகுதி தோள்வரை கத்தரிக்கப்பட்டிருந்தது. கையை மடக்க இயலாதவனின் சட்டையை வேறு எப்படிக் கழற்றுவது? தையற்காரர் புதிய கை வைத்துத் தைத்துக் கொண்டுவந்தார்.

மூன்றாம் வாரம், பதிவேட்டில் அவனுடைய எண்ணுக்கு நேரே, 'மாற்றம்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. எங்கே என்று எழுதவில்லை. அன்று விடியற்காலையில், முகத்தையும் சேர்த்துப் போர்வை மூடிய தூக்குக் கட்டிலுக்குப் பின்வாசலைத் திறந்துவிட்டவர் இந்தக் காவலர்தாம்.

அன்றும் தையற்காரர் துணியை நீட்டினார். காவலர் தலையை அசைத்து மறுக்க வேண்டிய கணம் அது.

"அவன் அம்மா சட்டைய மோந்து பாப்பா சார். வேர்வை வாசம் இருந்தா அன்னைக்கு ஒரு வாய் சாப்பிடுவா."

கை நீண்டு வாங்கிவிட்டது. வாங்கிய சட்டையைத் துவைத்த மணத்தோடு எப்படித் திருப்பிக் கொடுப்பது?

சன்னலைத் திறந்தார். இன்று வரிசையில் எட்டுப் பேர். சென்ற மாதம் பத்தொன்பது பேர். யாரும் யாரையும் எண்ணிப் பார்ப்பதில்லை.

நான்காவதாகத் தையற்காரர் வந்தார்.

சென்ற வாரம் அவர் துணியைக் கொடுத்தபின்னும் நகராமல் நின்றார். கம்பிகளின் வழியே காவலரின் கழுத்தைப் பார்த்தார். தோளைப் பார்த்தார். வயிற்றைப் பார்த்து, மறுபடியும் தோளைப் பார்த்தார். சபிக்கிறார் என்று காவலர் எண்ணினார். சபிக்கட்டும், அவருக்கு அந்த உரிமை உண்டு என்றும் எண்ணினார்.

இன்று அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அழுக்குச் சட்டையை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, காகிதத்தில் சுற்றிய ஒன்றை நீட்டினார்.

"பழசு ரெண்டும் நைஞ்சுபோச்சு சார். இது புதுசு."

காவலர் பதிவேட்டைப் புரட்டுவதுபோல் புரட்டிவிட்டு வாங்கிக்கொண்டார்.

தையற்காரர் இரண்டடி நடந்து, திரும்பி வந்தார். சன்னல் கட்டையைப் பார்த்தபடி, "இப்பல்லாம் ரெண்டு வாய் சாப்பிடுறா" என்றார். பிறகு போய்விட்டார்.

வரிசை தீர்ந்ததும் காவலர் பண்டக அறைக்குத் திரும்பிக் கதவைச் சாத்தினார். காகிதத்தைப் பிரித்தார். அதே கட்டம், அதே நீலம். சீருடையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, ஒவ்வொரு வியாழனும் செய்வதுபோல வயிற்றை எக்கி, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கைகளை நுழைத்தார்.

எங்கும் இறுகவில்லை.

பொத்தான்கள் ஒவ்வொன்றாக, இழுக்காமலே, துளைக்குள் புகுந்தன. வயிற்றுப் பக்கம் இரண்டு விரல் தாராளமாக விட்டிருந்தது. முப்பது ஆண்டுகள் துப்பாக்கியைத் தாங்கிச் சற்றே சரிந்துபோயிருந்த அவருடைய இடது தோளுக்கு, அரை அங்குலம் இறக்கி வெட்டியிருந்தது.

இழுத்துப் பிடித்த மூச்சை எப்போது விடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.