ஒரு ஷெக்கெலுக்கு ஒரு கிளி

"என்ன வேணும் உங்களுக்கு?" என்று கதவைப் பாதி திறந்து கேட்டாள் லுப்னா.

பத்து வயதுப் பெண் தன் வயதுத் தோழியை 'உங்களுக்கு' என்கிறாள் என்றால் சண்டை முற்றிவிட்டது என்று அர்த்தம். மூன்று வாரமாகப் பேச்சில்லை.

வாசலில் கீழ்வீட்டு நோகா கிளிக்கூண்டோடு நின்றாள். "எங்க கிளி லிமோனை விக்கணும். ஒரு ஷெக்கெல்."

லுப்னாவுக்குச் சிரிப்பு வந்தது. பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டாள்.

"நாளைக்குச் சாயங்காலம் பெசாக் பண்டிகை" என்றாள் நோகா, காலைப் பார்த்தபடி. "யூதர் வீட்டுல ஒரு வாரம் கோதுமை, பார்லி எதுவும் இருக்கக் கூடாது. இவன் திங்கறது பூரா அதுதான். அதனால யூதர் இல்லாத வெளி ஆளுக்கு எழுதி வித்துட்டு, அப்புறம் திரும்ப வாங்கிக்கறது வழக்கம்."

"தெரியும். கடையிலகூட ரொட்டி அலமாரியைத் துணி போட்டு மூடிடுறாங்க. ரெண்டாவது மாடி கூரி மாமாவுக்கு வில்லுங்களேன்."

"அவர் பூனை வளர்க்கறார்."

லுப்னா உள்ளே போய் ஒரு ஷெக்கெல் நாணயத்தை எடுத்து வந்தாள். நோகா தயாராக வைத்திருந்த பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். "உங்களுக்காக இல்ல. கிளி பட்டினி கிடக்கக் கூடாதேன்னுதான்."

நோகா குடும்பம் போன கோடையில்தான் ஹைஃபாவுக்குக் குடிவந்தது. வந்த வாரமே இருவரும் ஒட்டிக்கொண்டார்கள். போன மாதம் பூங்காவில் நோகாவின் வகுப்புப் பெண் ஒருத்தி லுப்னாவிடம், "இங்க அரபில கத்தாதே" என்றாள். லுப்னாவுக்கு அது புதிதில்லை. ஆனால் பக்கத்தில் நின்ற நோகாவும் சிரித்தாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

வந்த கிளி இரண்டு நாள் உம்மென்று இருந்தது. மூன்றாம் நாள் காலை, லுப்னா தானியம் போடும்போது வாயைத் திறந்தது.

"லுப்னா, நான் சிரிச்சது தப்பு. மன்னிச்சிடு."

அச்சு அசல் நோகாவின் குரல். அதுவும் தட்டுத்தடுமாறிய அரபியில்.

சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "இது எங்கடி இதைக் கத்துக்கிச்சு?"

"தனியா உக்காந்து இதுகிட்டச் சொல்லி அழுதிருக்கா யம்மா. இது மனப்பாடம் பண்ணிடுச்சு. பாவம், அவளுக்கே தெரிஞ்சிருக்காது."

கிளி மறுபடியும் சொன்னது. மூன்று வாரக் கோபமும் எங்கே போனதென்று தெரியவில்லை. லுப்னாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

"யம்மா, அவ ரகசியம் வெளிய தெரிஞ்சா கூனிக்குறுகிடுவா. எதுவும் கேக்காத மாதிரியே இருந்துக்கறேன். கிளியைக் காட்ட வந்தேன்னு போய்ப் பேசிடறேன்" என்று கூண்டைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடினாள்.

கதவைத் திறந்த நோகா வாய் நிறைய எதையோ மென்றுகொண்டிருந்தாள். கையில் பாதி தின்ற ரொட்டி. அரபுக்காரர் ரொட்டிக்கடை அடுப்பிலிருந்து அப்போதுதான் வந்தது, எண்ணெய் சொட்டச் சொட்ட.

லுப்னா திகைத்துப் போனாள். "ஏய், பண்டிகை நடக்குது. ரொட்டி திங்கறியே, உங்கம்மா பார்த்தா?"

"பார்த்துட்டுத்தான் இருக்கேன்" என்றது உள்ளிருந்து நோகா அம்மாவின் குரல். "வாம்மா, நீயும் சாப்பிடு. இந்த வீட்டுல எந்த வருஷம் அதையெல்லாம் பார்த்திருக்கோம்?"

"அப்புறம் எதுக்குடி கிளியை வித்தே?"

நோகா ரொட்டியை விழுங்கினாள். "மூணு வாரமா உக்காந்து அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கேன். உன் வீட்டுக்கு அனுப்பாம வேற எங்க அனுப்ப?"